றபீக் இறுக்கிய நட்டு

அன்பு மகள் டிலானி,

நீ மட்டக்களப்புக்குத் திரும்பிப் போய் நாலு நாளாகிறது. என் வலதுகைப் பெருவிரல் நகத்துக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருக்கிறது. அம்மா தேசிக்காய்ப் பாதியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், "கலியாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் கிடக்கு. பொம்பிளையின்ர தகப்பன் இந்தக் கையோடயோ அவளைக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு வரப்போறார்?" என்று கேட்டாள். "ஓம், இந்தக் கையோடதான்" என்றேன். அவள் கையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்திநாலு வருசம் வெள்ளைச் சேட்டோடு துறைமுகத்தடிக் கப்பல் கந்தோருக்குப் போய் வந்தவன், மேசையில் மை சிந்தினால்கூடப் பியோனைக் கூப்பிட்டவன், இப்படிச் சொன்னால் அவளுக்கு ஆச்சரியம் வராதா?

உனக்கு நான் இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீ கம்பஸில் படித்த காலத்திலும் அம்மா எழுதுகிற கடிதத்தின் அடியில் "உடம்பைப் பார்த்துக்கொள், அப்பா" என்று ஒரு வரி போடுவதோடு என் கடமை முடிந்துவிடும். கலியாணம் கட்டிப் போகிற மகளுக்குத் தகப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம் என்கிறார்கள். என்னிடம் இருக்கிற புத்தி கொஞ்சம். அதிலும் பாதி, சனிக்கிழமை நீ காருக்குக் கீழே படுத்துக்கொண்டு எனக்குச் சொன்னது. ஆகவே நான் நடந்ததையே எழுதுகிறேன். புத்தி ஏதும் அதற்குள் இருந்தால் நீ எடுத்துக்கொள்.

அந்தக் காரை நான் வாங்கும்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பழைய காலத்து இங்கிலாந்துக் கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளலாம், மூக்கு நீளம், பச்சை நிறம். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. குடும்பக்காரன் ஒருவனுக்கு அதில் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று அம்மா சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்னேரம் கூரையை மடித்துவிட்டுக் கடற்கரை வீதியால் போகும்போது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காரின் உள்ளே நடக்கிற வேலையெல்லாம் றபீக்கின் வேலை. கிண்ணியாக்காரன், அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், உட்துறைமுகப் பக்கம் தகரக்கூரை போட்டு ஒரு கராஜ் வைத்திருந்தான். எங்கள் கந்தோர் வான்களும் என் சொல்லில் அவனிடம்தான் போய்வந்தன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நீயும் அவனை நானா என்று கூப்பிடுவாய்.

பதினைந்து வருசமாக அந்தக் கார் ஏன் வீட்டுக் கொட்டிலில் படங்கு மூடிக் கிடந்தது என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. றபீக் ஒயில் மாற்றிவிட்டு, எஞ்சினின் அடியில் ஒயில் வடிக்கிற துளையை மூடும் நட்டை இறுக்காமல் விட்டுவிட்டான், போகிற வழியில் ஒயில் முழுக்க ஒழுகி எஞ்சின் இறுகிப்போனது. அந்தப் பதிலை உண்டாக்கியவன் நான். அது பொய்.

அந்த வருசம் அம்மாவின் தம்பி, உன் மாமா, கனடாவிலிருந்து வந்து எங்களோடு இரண்டு கிழமை நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பதினொரு வயது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் என்னைப் பார்த்து, "என்ன அத்தான், ஒயில் மாத்துறதுக்கும் கராஜுக்கோ குடுக்கிறீங்கள்? அங்க நாங்கள் எங்கட காருக்கு நாங்களேதான் மாத்துறம்" என்றான். அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அது குத்திவிட்டது. அடுத்த நாள் றபீக் வழமைபோலக் காரைக் கொண்டுபோய் ஒயில் மாற்றிக் கொண்டுவந்து விட்டான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் வேதக் கோயிலுக்கு இரண்டாம் பூசைக்குப் போனபோது நான் தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். எனக்குத் தலையிடி இருக்கவில்லை. ஜக்கை வைத்துக் காரை உயர்த்தி, கீழே புகுந்து, றபீக் முதல்நாள் இறுக்கிய நட்டைக் கழற்றினேன். நீ தண்ணீர் பிடிக்கிற பேசினில் புது ஒயிலை அப்படியே பிடித்தேன். அதைத் திரும்ப மேலால் ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் "நானும் மாத்தினனான்" என்று மாமாவிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

கழற்றும்போது சுகமாகக் கழன்ற நட்டு பூட்டும்போது ஏறமாட்டேன் என்றது. ஒரு பக்கம் சரிந்து நின்றது. பூசை முடிகிற நேரமாகிக்கொண்டிருந்தது. குழாய் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய பல் வைத்த றெஞ்ச் ஒன்று குசினிக்குப் பின்னால் கிடந்தது, அதை எடுத்துவந்து நட்டைப் பிடித்து என் பலம் முழுக்கக் கொடுத்துத் திருகினேன். உள்ளே ஏதோ நெரிந்தது. அது பிழை என்று என் கைக்கு அந்த நிமிசமே தெரியும். பேசினில் பிடித்த ஒயிலை மேலால் ஊற்றினேன். ஒழுகவில்லை, ஆகவே போய்க் குளித்தேன்.

திங்கட்கிழமை தம்பலகாமத்தில் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் அறுவடை முடிந்த விருந்து. அம்மாவும் மாமாவும் வானில் முன்னால் போய்விட்டார்கள். நீயும் நானும் காரில். சீனன்குடா தாண்டி, கண்டி றோட்டில் வேகம் பிடித்தபோது நீ சொன்னாய், "அப்பா, இந்த முள்ளு கீழ விழுந்திட்டுது." ஒயிலின் அழுத்தம் காட்டுகிற சின்ன வட்ட மீற்றர். "அது பழசு, அப்பிடித்தான் காட்டும்" என்றேன். கொஞ்சத் தூரம் போக நீ திரும்பவும், "இல்லை அப்பா, சைபரில நிக்குது, ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ" என்றாய். நான் உன்னைப் பார்த்து, "வாயை மூடிக்கொண்டு இரு" என்று கத்தினேன். மடியில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாய். எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வந்தது, பிறகு ஒரு இழுவை, பிறகு ஒன்றும் இல்லை. வயலுக்கு நடுவில் நின்றுவிட்டோம். நான் குனிந்து பார்த்தேன். நட்டு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, ஒரு துளி ஒயில் இல்லை.

விருந்து வீட்டுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பின்பெட்டியில் ஏறி வந்துசேர்ந்தோம். இருபது பேர் முற்றத்தில். மாமா கேட்டான், "என்ன நடந்தது அத்தான்?" அந்த இடத்தில் எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "றபீக் நட்டை இறுக்காம விட்டிட்டான்" என்றேன். எவ்வளவு சுகமாக வந்தது தெரியுமா அந்த வசனம்? யாரோ ஒருவர் "அவங்களை நம்பிக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார். அவர் 'அவங்கள்' என்று சொன்னது கராஜ்காரரையா, கிண்ணியா முஸ்லிம் ஆட்களையா என்று நான் கேட்கவில்லை. அதையும் மறுக்காமல் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

அன்றிரவே காரைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்து கொட்டிலில் விட்டிருந்தோம். அடுத்த நாள் றபீக் மோட்டார்சைக்கிளில் வந்தான். நான் படலையைத் திறக்கவில்லை. "சேர், நான் இறுக்கித்தான் விட்டன். ஒருக்கா நட்டைப் பாக்க விடுங்க" என்றான். "பாக்க ஒண்டும் இல்லை" என்றேன். "ஒரு நிமிசம் சேர். கீழ படுத்துப் பாத்துட்டுப் போயிடுறன்." "போ றபீக்." நீ விறாந்தையில் நின்றாய். அவன் உன்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான். அந்தக் கிழமையே கந்தோர் வான்கள் வேறு கராஜுக்குப் போயின. அதற்கான துண்டை எழுதிக் கொடுத்தவன் நான். பெரிய கிளாக்கர் சொன்னால் மற்றவர்களும் கேட்பார்கள் அல்லவா, கோயில் ஆட்கள், பள்ளிக்கூட வாத்திமார், ஒவ்வொருவராக விட்டார்கள். ஒரு வருசத்துக்குள் அவன் தகரத்தைக் கழற்றிக்கொண்டு கிண்ணியாவுக்கே போய்விட்டான், உழவு மெஷினும் தோணி எஞ்சினும் திருத்த. நான் அந்த வழியால் கந்தோருக்குப் போகும்போது வெறும் நிலத்தைப் பார்க்காமல் மற்றப் பக்கம் கடலைப் பார்ப்பேன்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் சனிக்கிழமை காலை கதிரை போட்டு இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை நீ இப்போது நினைத்துப் பார்.

போன வருசம் நீ அந்த எஞ்சினைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய்த் திருத்துவித்தபோது நான் தடுத்தேன். நில அளவை வேலையில் வெயிலில் அலைகிற பிள்ளைக்கு லீவு நாளிலும் இது என்ன தலைவேதனை என்றேன். உண்மைக் காரணம் இப்போது உனக்குத் தெரியும். நீ என் தடையைக் கேட்கவில்லை. எஞ்சின் வந்தது, பூட்டினாய், ஐந்நூறு மைல் மெதுவாக ஓடினாய். புதிதாகத் திருத்தின எஞ்சினின் முதல் ஒயிலை அந்தக் கணக்கோடு மாற்றவேண்டும் என்றாய். "கராஜில குடுப்பம் மகள்" என்றதற்கு, "ஏன் அப்பா? அரை மணித்தியால வேலை. நானே செய்தா என்ன செய்தனான் எண்டு எனக்குத் தெரியும்" என்றாய்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உப்புவெளி வரைக்கும் ஒருதரம் ஓடிவிட்டு வந்தாய், சூடான ஒயில்தான் ஊத்தையையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும் என்று. சமதரையில் நிறுத்தினாய். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்தாய். ஜக்கால் உயர்த்தி இரண்டு இரும்புக் காலில் காரை இருத்தினாய். பிறகு இரண்டு கையாலும் காரைப் பிடித்து ஆட்டினாய். "நிக்குது பிள்ளை, போதும்" என்றேன். "நிக்குதெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாது அப்பா, கீழ படுக்கிறது நான்தானே" என்று இன்னொருதரம் ஆட்டினாய். ஸ்பானர், துணி, புனல், புது ஃபில்டர், ஒரு சின்னச் செப்பு வளையம், எல்லாம் பழைய பேப்பரில் வரிசையாக. எங்கள் ஊர்த் தெருவில் மாடுகள்போலத் திரிகிற மான்களில் ஒன்று திறந்த படலையால் உள்ளே வந்து உன் துணியை முகர்ந்து பார்த்தது. நீ அதன் மூக்கை முழங்கையால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாய். எனக்கு உன் தலைமயிரைக் கட்டியிருந்த விதம், சட்டைக் கையை மடித்திருந்த விதம், ஒவ்வொரு பொருளையும் தொடும் முன் ஒரு கணம் பார்க்கிற விதம், எல்லாவற்றிலும் பெருமை பொங்கியது. இது யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை. கந்தோரில் முப்பத்திநாலு வருசத்தில் ஒரு காரியத்தைக்கூட இப்படி முழுக்க என் கையால் செய்து நான் முடித்ததில்லை.

பிறகு நீ கீழேயிருந்து கூப்பிட்டாய். "அப்பா, நீங்களும் வாங்கோ." நான் சிரித்தேன். குசினி யன்னலுக்குள்ளிருந்து அம்மா, "அறுபத்தெட்டு வயசு மனுசன். உள்ளுக்க போனா ஆர் வெளியில இழுக்கிறது?" என்றாள். "நான் இழுப்பன் அம்மா" என்று சொல்லி நீ இரண்டாவது பாயையும் விரித்தாய். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் முறிய முறிய, உனக்குப் பக்கத்தில் வந்து படுத்தேன்.

நீ நட்டைக் கழற்றினாய். ஒயில் தேத்தண்ணி நிறத்தில் கயிறுபோல விழுந்தது. ஒரு துளியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாய். "மினுங்குதா பாருங்கோ. லேசா மினுங்கினாப் பரவாயில்லை, புது எஞ்சின். துண்டு துண்டா இருந்தாத்தான் பயம்." துண்டு ஒன்றும் இருக்கவில்லை. கயிறு நூலாகி, நூல் துளியாகும்வரை காத்திருந்தோம். நீ அவசரப்படவே இல்லை. ஒயில் வடிகிற நேரத்தில் என்னிடம் கலியாணத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், பந்தலுக்கு யாரைப் பிடித்திருக்கிறேன் என்று கதை கேட்டாய். பிறகு நட்டைத் துடைத்து, புதுச் செப்பு வளையத்தைப் போட்டு, என் உள்ளங்கையில் வைத்தாய்.

"நீங்கள் பூட்டுங்கோ."

"எனக்கு ஏலாது பிள்ளை."

"ஏலும். ஸ்பானரைத் தொடாதேங்கோ. விரலால மட்டும். முதல் பின்பக்கமாச் சுத்துங்கோ, டிக் எண்டு ஒண்டு விழும். அது விழுந்த பிறகு முன்பக்கமாச் சுத்துங்கோ. விரலுக்கு ஏறாட்டிப் பிழையா நிக்குது எண்டு அர்த்தம், கழட்டித் திரும்பத் தொடங்கோணும்."

நட்டைத் துளையில் வைத்தேன். பின்பக்கமாகச் சுற்றினேன். நீ சொன்ன சத்தம் விழுந்தது. முன்பக்கமாகச் சுற்றினேன், நட்டு வெண்ணெயில் போவதுபோல ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு சின்ன வேலை! பலம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பதினாறு வருசத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இதை ஒருவனிடம் கேட்டிருந்தால் அவன் ஒரு நிமிசத்தில் சொல்லித் தந்திருப்பான். அவன் பெயரும் எனக்குத் தெரியும்.

"மகள், அண்டைக்கு நட்டை விட்டது றபீக் இல்லை" என்றேன்.

நீ ஸ்பானரை எடுத்து என் கையில் தந்தாய். "தெரியும் அப்பா. இப்ப இதால ஒரு சின்னத் திருப்பு. காணும், காணும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"கண்டியில எஞ்சினைத் திறந்த நாள். அந்தப் பழைய நட்டை ஒரு பையில போட்டுத் தந்தாங்கள். பல்லெல்லாம் நசிஞ்சு போய்க் கிடந்தது. தலையில பைப் றெஞ்ச் கடிச்ச அடையாளம். கராஜ்காரர் ஆரும் அந்த நட்டுக்குப் பைப் றெஞ்ச் போடமாட்டாங்கள். எங்கட வீட்டிலதான் ஒண்டு கிடந்தது."

"ஒரு வருசமா ஏன் கேக்கேல்ல?"

மேலே காரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். "கேட்டா நீங்கள் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லியிருப்பீங்கள். அதோட முடிஞ்சிருக்கும். அது நான் கேட்டு வாங்கிற கதை இல்லை அப்பா. நீங்களாச் சொல்ல வேண்டியது."

காருக்குக் கீழே படுத்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதியில் நான் அழுதேன். நீ அதைக் காணாததுபோலத் துணியை நீட்டி, "கண்ணுக்க ஒயில் பட்டிட்டுதோ?" என்றாய். அந்த ஒரு கேள்விக்காகவே உன்னைப் பெற்றது போதும் என்று நினைத்தேன்.

மிச்ச வேலையை நீ செய்தாய், நான் பார்த்தேன். ஃபில்டரின் பழைய றப்பர் வளையம் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தாய், அது நின்றால் புதியதும் ஒழுகுமாம். மேலால் தடித்த புது ஒயிலைப் புனல் வைத்து மெதுவாக ஊற்றினாய். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டு இழுத்தாய். எஞ்சினை முடுக்கியபோது என்னை மற்ற ஆசனத்தில் இருத்தி, "மீற்றரைப் பாருங்கோ அப்பா" என்றாய். முள் மூன்று விநாடி கீழேயே கிடந்தது, பிறகு எழும்பியது. பதினொரு வயதில் நீ பார்த்த அதே மீற்றர். அது அன்றைக்கும் சரியாகத்தான் காட்டியது, நீயும் சரியாகத்தான் வாசித்தாய். "வாயை மூடு" என்று கத்தியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், டிலானி. கலியாணத்துக்குப் பிறகும் உன் வீட்டில் ஏதாவது ஒரு முள் கீழே விழுந்தால் இரண்டுதரம் சொல், மூன்றுதரமும் சொல். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் நானும் நல்ல மனுசன் என்றுதான் ஊரில் பெயர். அவர் சொல்லும்போது நீயும் காரை நிறுத்திப் பார்.

பழைய ஒயிலை நான் வேலிக் கட்டைகளுக்குக் கறையான் மருந்தாக ஊற்றலாம் என்றபோது நீ விடவில்லை. "கிணறு பத்தடியில கிடக்கு அப்பா, வருசக்கணக்கா இதையே குடிக்கப்போறீங்களோ?" என்று கேட்டு, பிளாஸ்ரிக் கானில் நிரப்பி மூடினாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அன்று மட்டும் எத்தனை விசயத்தில் நான் திருத்தப்பட்டேன் என்று எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "கிண்ணியாவுக்குப் போவம்" என்று சொன்னது நான்தான். அதையாவது நான் சொன்னேன் என்று எழுதி வைக்கிறேன். பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் வெயில் தண்ணீரில் அடித்தது. நீ ஓட்டினாய். நான் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் வசனங்களைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

றபீக்கின் தாடி நரைத்துவிட்டது. வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் தோணி எஞ்சின் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தான். முதலில் காரின் சத்தத்துக்குத்தான் தலையை நிமிர்த்தினான், பிறகுதான் என்னைக் கண்டான். "வாங்க சேர். வாங்க மகள். இரிங்க" என்று கதிரைகளைத் துடைத்தான். உள்ளே பார்த்து, பால் விடாத பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னான். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "றபீக், அந்த நட்டை நான்தான் கழட்டினனான். நீங்கள் ஒயில் மாத்தின அடுத்த நாள். திரும்பப் பூட்டத் தெரியாமல் பழுதாக்கினது நான். பழியை உங்களில போட்டனான்." அவனை நீங்கள் என்று நான் அழைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

அவன் கையில் இருந்த பொருளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "உங்களுக்கு ஒண்டு தெரியுமா சேர்?" என்றான். "நீங்க சொன்னது பொய்யெண்டு நான் நினைக்கல்ல. பெரிய மனுசன், பொய் சொல்லமாட்டாரு எண்டுதான் நினைச்ச. அப்ப நான்தான் மறந்துட்டனோ? அதுக்குப் பிறகு எந்த நட்டை இறுக்கினாலும் எனக்கு நம்பிக்க இல்ல. வேல முடிஞ்சி வீட்ட வந்து சாப்பாட்டுல கைய வச்சுட்டு எழும்பிப் போய்ப் பாத்திருக்கன். இந்தப் பதினாறு வருசமும் எல்லாத்தையும் மூணு தரம் பாக்குற. பொடியனுகள் சிரிப்பானுகள்."

எனக்குத் தெரிந்திருந்த குற்றம் அவன் தொழிலைக் கெடுத்தது. இது எனக்குத் தெரியாது. ஒரு மனுசனுக்கு அவன் கையில் இருந்த நம்பிக்கையை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

நீ அப்போது எழும்பிப் போய், பையிலிருந்து அந்தப் பழைய நட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாய். நீ அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். பல்லை விரலால் தடவினான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது பைப் றெஞ்ச் கடிச்ச" என்றான். "என்னட்ட அப்ப பைப் றெஞ்சே இருக்கல்ல மகள்." அவன் முகம் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரனின் முகம் போலானது. "இத நான் வச்சுக்கொள்ளவா?" என்று உன்னிடம் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை. நீ, "உங்கடதுதான் நானா" என்றாய்.

பிளேன்ரீ குடித்து முடிந்ததும் நான் கலியாண அழைப்பிதழை நீட்டினேன். வாங்கி, வாசித்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ றபீக்" என்றேன். "எனக்குச் சொல்லிட்டீங்க சேர், சரி. நான் பிழை விடல்ல எண்டு இப்ப எனக்குத் தெரியும். மத்த ஆக்களுக்கு ஆரு சொல்லுற?" என்றான்.

திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவன் கேட்டது நியாயம். பொய்யை நான் ஒரு முற்றத்தில் இருபது பேருக்கு முன்னால் சொன்னேன், உண்மையை ஒரு கொட்டிலில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுக் கை கழுவப் பார்த்தேன். நீ போன பிறகு கனடாவுக்குப் போன் எடுத்து மாமாவிடம் சொன்னேன். "ஐயோ அத்தான், பழைய கதை, அதை ஏன் இப்ப?" என்றான். "உனக்குப் பழசு. அவனுக்கு இல்லை" என்றேன். கந்தோரில் வான் ஓட்டிய இரண்டு பேரை பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் பிடித்துச் சொன்னேன். அதில் மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்கள் அப்பவே யோசிச்சனாங்கள் சேர். றபீக் அப்பிடி விடுற ஆள் இல்லை. நீங்கள் சொன்னா ஆர் மறுத்துக் கதைக்கிறது?" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு முள்ளாக இருந்தது.

தம்பலகாமத்து முற்றத்தில் அன்று இருந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் உன் கலியாணத்துக்கு வருகிறவர்கள். கலியாண வீட்டில் எழும்பி நின்று இதைச் சொன்னால் உன் நாள் என் நாளாகிவிடும். ஆகவே முன்னாலேயே இந்தக் கடிதத்தை அவர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்புவது என்று முடிவெடுத்தேன். அதுவரை எழுதியதை அம்மாவுக்கு நேற்றே வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு, "தலையிடி எண்டீங்களே, அண்டைக்கு நான் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு தனியாக இருக்கிறது, அதை நான் கடிதத்தில் கேட்கமாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் றபீக்குக்கும் போன் எடுத்து, எழுதியிருக்கிறேன், முதலில் உங்களுக்கு ஒன்று அனுப்பட்டுமா, ஏதாவது மாற்றவேண்டுமா என்று கேட்டேன். "வேணாம் சேர். அவங்க எல்லாரும் வாசிக்கட்டும். எல்லாருக்கும் போய்ச் சேந்த பிறகு கடைசியா எனக்கு ஒண்டு தாங்க" என்றான். கலியாணத்துக்கு வருவான் என்றோ வரமாட்டான் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக் காலை கடை திறந்ததும் பிரதி எடுப்பேன். முதலாவது உனக்கு. கடைசியாக மிஞ்சுவதைக் கிண்ணியாவுக்கு நானே கொண்டுபோவேன். பஸ்ஸில்தான். கார் உன்னிடம் அல்லவா இருக்கிறது.

உன்
அப்பா